மூன்றரை மணிக்கு மூடப்பட்ட வானம்

வான்வெளியின் ஒரு பகுதியைத் தற்காலிகமாக ஒதுக்கினால், அந்த அறிவிப்பின் நகலை மாவட்ட நிர்வாகத்துக்கும் காவல் துறைக்கும் அனுப்ப வேண்டும். ஒதுக்கிய நேரத்தை இந்திய நேரத்தில், உள்ளூர் மொழியில் விளக்கும் ஓர் இணைப்பையும் நகலோடு சேர்க்க வேண்டும். விதி இவ்வளவுதான். இதை எழுதியவர் யாரென்று தெரியாது. ஆனால் வாழ்க்கையில் ஒரு முறையாவது ஏதோ ஒரு தாலுகா அலுவலகத்தில் வரிசையில் நின்றிருப்பார் என்று நினைக்கிறேன். அந்த இணைப்பு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பணிக்காலம் முழுவதையும் விமான நிலையங்களின் கட்டுப்பாட்டுக் கோபுரங்களில் கழித்துவிட்டு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு கட்டிக் குடிவந்தவன் நான். அங்குள்ள மைதானத்தைச் சுற்றி நடப்பதும், நடப்பவர்களிடம் விதிகளைப் பற்றிப் பேசி அவர்களை வேகமாக நடக்க வைப்பதுமாக இருந்தேன். அப்போதுதான் அழைப்பு வந்தது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையிலுள்ள கடற்கரையில் ராணுவம் ஆளில்லா விமானங்களைச் சோதிக்கப் போகிறது, வான்வெளியைப் பார்த்துக்கொள்ள அனுபவமுள்ள சிவிலியன் ஒருவர் வேண்டும் என்றார்கள். ஒப்பந்த வேலை. ஆலோசகர் என்று பதவிப் பெயர்.

"வானத்துல என்னா மாமா மேனேஜ் பண்ணுவீங்க? அது காலியாத்தான கெடக்குது?" என்று கேட்டான் என் மனைவியின் தம்பி.

காலியாகக் கிடக்கவில்லை. ரோந்து ஹெலிகாப்டர் போகும், பயிற்சி விமானம் வழி தவறி வரும், வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோன் எழும்பும். இவற்றுக்கு நடுவே ராணுவத்தின் விமானத்துக்கு ஒரு கண்ணுக்குத் தெரியாத பெட்டியைக் கட்டி, இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரை வேறு எவரும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆளில்லா விமானம் என்பது பெயரளவில்தான். அதை ஓட்ட, அதற்குக் குடை பிடிக்க, அதைப் பற்றி அறிக்கை எழுத என்று இரண்டு லாரி ஆட்கள் வந்து இறங்கினார்கள். தலைமையில் ஓர் இளம் மேஜர். கடலோரத்தில் தகரக் கொட்டகை. அதில் ஒரு மூலை எனக்கு.

சோதனை காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. விமானத் தொழிலில் உலகம் முழுவதற்கும் ஒரே கடிகாரம். கடலூர் என்றாலும் கனடா என்றாலும் நேரத்தை உலகப் பொது நேரத்தில்தான் எழுத வேண்டும். அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் ஓடும். ஆகவே எங்கள் அறிவிப்பில் நம் ஒன்பது மணி மூன்றரை ஆகும், பன்னிரண்டு ஆறரை ஆகும். இதற்காகவே நான் இன்றும் இரண்டு கையிலும் வாட்ச் கட்டுகிறேன். "ரெண்டு வாட்ச் இருந்தும் சாப்பாட்டுக்கு நேரத்துக்கு வர்றதில்ல" என்பது வீட்டில் பதிவாகியிருக்கும் குறை.

விதிப்படி தமிழ் இணைப்பை எழுதிக் கொடுத்தேன். இரண்டு வரி. மேஜர் அதை வாங்கிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. எனவே மரியாதையோடு பார்த்தார்.

"சார், பிராந்திய மொழியில் எது வெளியே போனாலும் தலைமையகத்தின் ஒப்புதல் வேண்டும். அனுப்பியிருக்கிறேன். வந்ததும் சேர்த்துவிடலாம்" என்றார்.

ஒப்புதல் வரவில்லை. அறிவிப்பு மட்டும் போனது.

உள்ளூர்க் காவல் நிலையத்தில் அதைப் படித்தார்கள். மூன்றரை முதல் ஆறரை வரை எதுவும் பறக்கக் கூடாது என்று இருந்தது. உடனே விடியற்காலையில் கடற்கரைக்கு ஆள் போட்டார்கள். கொட்டாவி விட்டுக்கொண்டு இரண்டு காவலர்கள் நட்சத்திரங்களைக் காவல் காத்தார்கள். ஆறரைக்கு டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஒன்பதுக்கு எங்கள் விமானம் கிளம்பியது. அந்த நேரத்தில் மணலில் நின்று யாராவது பட்டம் விட்டிருந்தாலும் தடுக்க ஆளில்லை. இது எதுவும் தகரக் கொட்டகையில் இருந்த எங்களுக்குத் தெரியாது. நாங்கள் வருவதற்குள் அவர்கள் போய்விடுவார்கள்.

வைகாசியில் ஒரு மீனவக் குடும்பத்துக் கல்யாணம். முகூர்த்தம் விடியற்காலை. கடலைப் பார்த்த கோயிலில் தாலி கட்டு. அதை மேலிருந்து படமெடுக்கச் சிதம்பரத்திலிருந்து ஒரு வீடியோகிராபர் வந்திருந்தார். என் மகள் கல்யாணத்தையும் எடுத்தவர் அவர்தான். நாற்பது வயது, நிதானமான மனிதர். எல்லோருக்கும் அவர் பாய். ட்ரோனுக்குப் பதிவு, பயிற்சிச் சான்றிதழ் எல்லாம் முறையாக வைத்திருந்தார். மேளம் உச்சத்துக்குப் போன நேரத்தில் ட்ரோனை ஏற்றினார். நட்சத்திரங்களைப் பார்த்துச் சலித்திருந்த காவலர்களுக்கு முதன்முதலாகப் பறக்கும் பொருள் ஒன்று கிடைத்தது.

அன்று மதியம் பாய் என் வீட்டு வாசலில் ஹெல்மெட்டோடு நின்றார்.

"சார், என்னைத் தீவிரவாதி ரேஞ்சுக்குப் பாக்குறாங்க. பொண்ணோட அப்பா வந்து, 'எங்க பாய்ங்க, வுடுங்க'ன்னு கெஞ்சுறாரு. ட்ரோன வாங்கி வச்சிக்கிட்டாங்க. மிலிட்டரி டைமாம்."

"எத்தனை மணிக்கு ஏத்துனீங்க?"

"அஞ்சே காலு."

"அப்ப தப்பே இல்லையே."

"அத நீங்க சொல்றீங்க. வைகாசி, ஆனி ரெண்டு மாசமும் புக்கிங் இருக்கு சார். இப்பல்லாம் ட்ரோன் ஷாட் இல்லன்னா ஆல்பத்தையே வேணாம்ன்றாங்க. அது இல்லாம போய் நின்னா ஆர்டர் அடுத்தவன் கைக்குப் போயிடும்."

அவருக்கு வேண்டியது அந்த ட்ரோன். அதுவும் கல்யாண மாதங்கள் முடிவதற்குள். நான் இரண்டு வாட்சையும் கட்டிக்கொண்டு நிலையத்துக்குக் கிளம்பினேன்.

உதவி ஆய்வாளர் மரியாதையான மனிதர். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். ட்ரோன் அவர் பீரோவின் மேல், பறிமுதல் செய்த ஒரு சேவற்கட்டுச் சேவலின் காலிக் கூண்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

"இதில் எழுதியிருப்பது உலகப் பொது நேரம்" என்றேன். "லண்டன் பக்கத்து நேரம். அஞ்சரை மணி கூட்டணும்."

அவர் அறிவிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், வெள்ளக்காரன் போயி எத்தினி வருஷமாச்சு. கடலூர்ல ஏரோப்ளேன் விடுறதுக்கு இன்னும் லண்டன் டைமா?"

"உலகம் பூரா அப்படித்தான்."

"உலகம் பூரா இருக்கட்டும். இந்தப் பேப்பர்ல அப்படிப் போட்டிருக்கா?"

உலகப் பொது நேரம் என்பதற்கு அடையாளமாக, நேரத்தின் பின்னால் 'Z' என்று ஒற்றை ஆங்கில எழுத்து இருந்தது. அதைக் காட்டினேன். அதை அவர் எழுத்துப் பிழை என்று நினைத்திருக்கிறார்.

"நான் உங்கள நம்புறேன் சார்" என்றார். "பாயி நல்ல ஆளுன்னும் தெரியும். அதான் இன்னும் எஃப்.ஐ.ஆர். போடல. போட்டா கோர்ட்டுக்குப் போயிடும், அப்புறம் அத அவரு பேரன்தான் வாங்கணும். நீங்க இத எழுத்துல குடுங்க, இப்பவே எடுத்துட்டுப் போங்க."

எழுதித் தரலாம். ஆனால் ஆலோசகருக்குக் கையெழுத்து அதிகாரம் கிடையாது. ஒப்பந்தத்தில் அது தடித்த எழுத்தில் உண்டு. அறிவிப்பின் ஒவ்வொரு சொல்லையும் நான்தான் எழுதினேன். அதற்கு என்ன பொருள் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

மேஜரிடம் போனேன். அவர் விமானத்தைப் பற்றிக் கையெழுத்திடலாம், நேரத்தைப் பற்றி முடியாது. நேரம் தலைமையகத்தின் பொறுப்பில் வருகிறது. ஆகவே தலைமையகத்துக்கு எழுதினோம். அறிவிப்பில் கண்ட நேரங்கள் உலகப் பொது நேரம்தான் என்று உறுதிப்படுத்த வேண்டுகிறோம் என்று ஒரே வாக்கியம். சில நாளில் ஒரு கேள்வி வந்தது. யாவரும் அறிந்த ஓர் உண்மையை உறுதிப்படுத்தும்படி எந்த விதியின் கீழ் கோருகிறீர்கள்?

நியாயமான கேள்வி. யாவரும் அறிந்ததை உறுதிப்படுத்த விதி எதுவும் இல்லை. யாரும் அறியாததாக இருந்திருந்தால் ஒரு குழுவே போட்டிருப்பார்கள். நினைவூட்டல் அனுப்பினோம். நினைவூட்டலுக்கு நினைவூட்டல் அனுப்பினோம்.

இதற்கிடையில் பாய் சேத்தியாத்தோப்பில் ஒரு கல்யாணத்துக்குப் போய், நீளமான மூங்கில் கழியின் நுனியில் கேமராவைக் கட்டித் தூக்கிப் பிடித்திருக்கிறார். பந்தலில் இருந்த சீரியல் விளக்கு சரத்தில் கழி மாட்டி, மாப்பிள்ளை தலைமேல் பாதி சரம் இறங்கியிருக்கிறது.

"மாப்பிள்ளையோட மாமன் கேக்குறான் சார், 'பாய், இது ட்ரோனா, தொரட்டியா?'ன்னு. சிரிச்சிட்டு நின்னேன். ஆனி மாசத்துல ரெண்டு ஆர்டர் கேன்சல் ஆயிடுச்சு." அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. காகிதம் வராவிட்டாலும், கண்ணால் பார்த்தால் அதுவே அவருக்குப் போதுமானதாக இருக்கலாம். உதவி ஆய்வாளரை ஒரு நாள் காலை கொட்டகைக்கு அழைத்தேன். மேஜர் அனுமதித்தார். போலீஸ் ஜீப்பில் வந்தார். சரியாக ஒன்பதுக்கு விமானம் ஓடி, எழும்பி, கடல் பக்கம் திரும்பி, புள்ளியாகிப் போனது.

"பாத்தீங்களா? ஒன்பது மணி. மூன்றரை அல்ல" என்றேன், கணக்கு வாத்தியார் கரும்பலகையைத் தட்டுவது போல.

அவர் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "சார், அப்ப தப்பு உங்க மேல."

"என்ன தப்பு?"

"உங்களுக்குக் குடுத்தது மூணரைலேந்து ஆறரை. நீங்க ஒம்பதுக்கு வுடுறீங்க. பாய் ஒரு நாளு ஏத்துனாரு. நீங்க தெனம் ஏத்துறீங்க. நியாயமா பாத்தா இதயும் நான் பீரோ மேல வைக்கணும்."

மேஜருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் முகம் மாறியது. எனக்கோ, பணிக்காலம் முழுவதும் படித்த விதிப்புத்தகத்தின் ஒரு பக்கம் கண்முன் திறந்தது. விளக்கம் கேட்டு வரும் கடிதத்துக்குப் பதில் சொல்லும் கட்டாயம் தலைமையகத்துக்கு இல்லை. ஆனால் ஒதுக்கிய நேரத்துக்கு வெளியே விமானம் பறந்தது என்று ஒரு காவல் அதிகாரி புகார் கொடுத்தால், அதற்கு எழுத்துமூலம் பதில் சொல்லியே ஆக வேண்டும். கேட்பவனுக்குப் பதில் கிடையாது, குற்றம் சாட்டுபவனுக்கு உண்டு. இதை அவ்வளவு காலம் வேலை பார்த்தும் நான் பயன்படுத்தியதில்லை.

ஜீப் வரை அவரோடு நடந்தேன். "புகார் குடுக்கப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"சும்மா சொன்னேன் சார். மிலிட்டரி மேல எல்லாம் நான் எங்க..."

"சும்மா சொல்லாதீங்க. குடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். போலீஸ்காரருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"டிராஃப்ட் யாரு போடுறது?" என்றார்.

"கையெழுத்து அதிகாரம்தான் எனக்கு இல்ல. டிராஃப்ட் அதிகாரம் இருக்கு."

அன்று மாலையே வீட்டு மேசையில் உட்கார்ந்து, நான் வேலை செய்யும் நிறுவனத்தின் மீது, நானே எழுதிய அறிவிப்பை மீறியதாக, ஒரு குறையும் இல்லாத புகார் ஒன்றை எழுதினேன். விதி எண்கள், உட்பிரிவுகள் எல்லாம் வரிசையாக நின்றன. என் மனைவி தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, "பென்ஷன்ல கைவைக்க மாட்டாங்களே?" என்று மட்டும் கேட்டாள்.

புகார் போனது. தலைமையகத்திலிருந்து மேஜரை இரண்டு முறை போனில் கூப்பிட்டார்கள். ஒருமுறை என்னையும் கேட்டார்கள், அந்த அதிகாரிக்கு வான்வெளி விதிகளில் இவ்வளவு தேர்ச்சி எப்படி என்று. கடலோர மாவட்டங்களில் இப்போது படித்தவர்கள்தான் வேலைக்கு வருகிறார்கள் என்றேன். பிறகு சோதனைகளே முடிந்து, லாரிகள் கிளம்பி, தகரக் கொட்டகையைப் பிரித்தார்கள். நான் மறுபடியும் மைதானத்தைச் சுற்ற ஆரம்பித்தேன். பாய் மட்டும் வாரம் ஒருமுறை சிதம்பரத்திலிருந்து வண்டியில் வந்து, நிலையத்தில் தலையைக் காட்டி, பீரோவின் மேல் பார்த்துவிட்டு, என் வீட்டில் டீ குடித்துவிட்டுப் போனார். ஆனியின் கடைசி முகூர்த்தமும் போனது.

ஒரு நாள் காலை உதவி ஆய்வாளர் போன் செய்தார். "பதில் வந்துடுச்சி சார். பாயையும் வரச் சொல்லிட்டேன்."

நல்ல காகிதம். அறிவிப்பில் கண்ட நேரங்கள் யாவும் உலகப் பொது நேரமே, ஆதலால் ஆளில்லா விமானம் எந்த மீறலிலும் ஈடுபடவில்லை, புகார் ஆதாரமற்றது என்று முதல் பத்தி சொன்னது. பாயைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் தடை காலை ஒன்பதிலிருந்துதான் என்று ஆகிவிட்டதால், ஐந்தே காலுக்கு ஏற்றிய அவரும் விடுதலை ஆனார். இரண்டாம் பத்தி தமிழ் இணைப்புக்கு ஒப்புதல் அளித்தது, ஒரே ஒரு திருத்தத்தோடு. சீர்மை கருதி, இணைப்பிலும் உலகப் பொது நேரத்தையே குறிப்பிட வேண்டுமாம்.

கான்ஸ்டபிள் நாற்காலி போட்டு ஏறி ட்ரோனை இறக்கினார். பாய் தூசியை ஊதிவிட்டுத் திருப்பிப் பார்த்தார். பேட்டரி உப்பியிருந்தது.

"பேட்டரி மாத்திக்கலாம்" என்றார் உதவி ஆய்வாளர், ஆறுதலாக. "இனிமே நீங்க எப்ப வேணா ஏத்தலாம் பாய். உங்களுக்கு வானம் ஃப்ரீ."

"ஏத்தலாம் சார். கீழ கல்யாணம் வேணுமே."

தெருமுனை அம்மன் கோயிலில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மைக்கைத் தட்டி, ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்தார். உதவி ஆய்வாளர் கடிதத்தின் மூலையில் பெறப்பட்டது என்று முத்திரை குத்தி, தேதி போடச் சுவரில் இருந்த காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன், பாயும் பார்த்தார். ஆடி ஒன்று.