பாண் கேட்ட கைகள்

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழுந்து போய்விடுகிறவள் நான். கண்டிப் பக்கம் பன்விலயில் விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர். நீங்கள் இதை நம்பாவிட்டாலும் எனக்குக் கோபமில்லை, வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

என் கணவர் செல்வராஜ் கண்டி பஸ் ஓட்டியவர். பக்கவாதத்தில் பேச்சுப் போய்விட்டது. கை கால் ஓரளவு தேறியும் மனுசன் எதையும் கேட்பதையே விட்டுவிட்டார். பசித்தாலும் கேட்கமாட்டார், தண்ணீருக்கும் கை நீட்டமாட்டார், சுவரைப் பார்த்தபடியே இருப்பார். உயிரோடிருக்க இவருக்கு விருப்பமில்லை என்று எனக்கு விளங்கிவிட்டது.

ஒருநாள் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு, கண்டிக்கு மேலே மலையில் இருக்கும் கிறிஸ்தவத் துறவிகளின் மடத்துக்குக் கூட்டிப்போனேன். நல்ல காற்று, அமைதியான தோட்டம், வேறு காரணமில்லை. பலாமரத்தடி வாங்கில் அவரை உட்காரவைத்துவிட்டுத் தேத்தண்ணி கேட்க உள்ளே போனேன். வாசலுக்குத் திரும்புவதற்குள் பனிமூட்டம் இறங்கிவிட்டது. பட்டப்பகல்தான், ஆனால் மரம்கூடத் தெரியவில்லை. எங்கோ ஆண்குரல்கள் சேர்ந்து பாடுவது, தூக்கத்தில் கேட்பதுபோலக் கேட்டது. எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ தெரியாது.

பனி விலகியதும் ஓடினேன். அவர் இரு கைகளின் பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து ஒரு வட்டம் பிடித்திருந்தார். என்னைக் கண்டதும் அதை உயர்த்திக் காட்டினார். என் பின்னால் வந்த மடத்துத் தலைவர், வயதான ஃபாதர், அப்படியே நின்றுவிட்டார்.

“பாண் கேக்கிறார், டீச்சர்.”

“என்ன ஃபாதர் சொல்றீங்க?”

“ஆயிரம் வருசத்துக்கு முந்தி ஐரோப்பாவுல எங்க துறவிங்க சாப்பாட்டு மண்டபத்துல பேசமாட்டாங்க. இப்படிக் கையாலதான் கேப்பாங்க. வட்டம் பிடிச்சா பாண், கோதுமை ரொட்டி. நான் ரோமாபுரியில படிச்சப்ப புத்தகத்துல பார்த்தது. இங்க வேற யாருக்கும் தெரியாதே. யாரு இவருக்குச் சொல்லிக் குடுத்தது?”

என் கணவர் தன் பக்கத்து இடத்தைக் கையால் காட்டினார். வாங்கு முழுக்கப் பனியில் நனைந்திருந்தது. அவருக்குப் பக்கத்தில் மட்டும், ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்குக் காய்ந்து கிடந்தது. தொட்டுப் பார்த்தேன். நம்புங்கள், இளஞ்சூடாக இருந்தது.

ஃபாதரே பாண் கொண்டுவந்து கொடுத்தார். இவர் ஆசையாகச் சாப்பிட்டார். எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை.

அன்றிலிருந்து இவர் எல்லாவற்றையும் கையால் கேட்கிறார். சுண்டுவிரலை உதட்டில் வைத்தால் பால், உள்ளங்கையை நீந்தும் வால்போல அசைத்தால் மீன். ஃபாதரிடம் காட்டினேன், எல்லாம் அந்தப் பழைய முறைதானாம். நானும் படித்துக்கொண்டேன். வீட்டில் மறுபடி இரண்டு பேரும் பேசிக்கொள்கிறோம்.

ஆனால் பனி இறங்கும் பின்னேரங்களில் இவர் எதிரே, யாரோ உட்கார வருவதுபோல, ஒரு கதிரையை இழுத்துப் போடுகிறார். போன கிழமை அடுப்பை அணைத்துவிட்டுக் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெறுங்கதிரையைப் பார்த்து உள்ளங்கையை உயர்த்தினார், கூட்டிப்போக வந்தவரிடம் சொல்வதுபோல, கொஞ்சம் பொறுங்கள் என்று. பிறகு, திரும்பிப் பார்க்காமலே, இவள் இருக்கிறாளே என்பதுபோல விரலை என் பக்கம் நீட்டினார்.