இரண்டு பெண்கள், ஒரு சந்தேகம்

தொண்ணூறுகளின் நடுவில் மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பா, அம்மா, மூத்த மகள் நான், என் தங்கை. கும்பகோணத்திலிருந்து சித்தப்பாவின் மகள் காலேஜில் படிக்க வந்து எங்களோடு தங்கினாள். அவளுக்கும் தங்கைக்கும் ஒரே வயது. ஒரே அறையில் படுத்துக்கொண்டார்கள். நான் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். காலையில் ரயிலைப் பிடித்தால் பொழுது சாய்ந்துதான் திரும்புவேன். ஆனாலும் வீட்டில் நடப்பதெல்லாம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு.

சித்தப்பா மகள் வரும்போதே ஒல்லி. ஆறேழு மாதத்தில் சுடிதார் அவள்மேல் தொங்க ஆரம்பித்தது. இட்லியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளுவாள். கேட்டால், "காலேஜ்லயே சாப்ட்டேன் பெரியம்மா" என்பாள். எங்களுக்குப் பரிமாற மட்டும் முந்திக்கொண்டு ஓடி வருவாள். எங்களுக்கு வியர்த்துக் கொட்டும்போது, குளிருகிறது என்று ஃபேனை நிறுத்துவாள்.

தங்கை அப்படியில்லை. கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள். பூசினாற்போல உடம்பு. "இவளப் பாத்தாவது கத்துக்கோயேன்" என்று அம்மா மற்றவளிடம் சொல்வாள்.

தீபாவளி முடிந்த வாரம் மிக்சர் டின் ஒரே நாளில் காலியானது. அடுத்து மைசூர்பாகு. பிறகு ஒரு முழு ரொட்டிப் பாக்கெட். அம்மா வேலைக்கார அம்மாவைத்தான் முதலில் சந்தேகப்பட்டாள். டின்களைப் பரணில் ஏற்றி வைத்தாள். அந்த அம்மா லீவு போட்ட நாளிலும் பரணிலிருந்து பலகாரம் குறைந்தது.

இன்னொன்றும் நடந்தது. சாப்பாடு முடிந்ததும் பெண்களின் அறையை ஒட்டிய பாத்ரூமில் குழாய் திறந்துவிட்டபடி கிடக்கும். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் யாரோ ஓங்கரிப்பது கேட்கும். ஹாலில் உட்கார்ந்திருந்த எனக்கு உள்ளே போனது யார் என்று தெரியாது. ஆனால் யாரென்று எனக்குள் முடிவு செய்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"மூணு மாசமா உன் சித்தப்பா பொண்ணு தூரமாகல. நான் கவனிச்சிட்டுதான் வரேன். வாந்தி வேற எடுக்கறா. உனக்குப் புரியுதா?"

எனக்குப் புரிந்தது. காலேஜ் வாசலில் அவளோடு பேசிக்கொண்டு நின்ற ஒரு பையனின் முகம்கூட ஞாபகம் வந்தது. அவன் வெறும் நோட்டு வாங்க வந்தவனாக இருக்கலாம். அன்று அவனும் என் கண்ணுக்குக் குற்றவாளி.

அவள் குளிக்கப் போன நேரத்தில் அவள் பையைத் துழாவினேன். கடிதம் ஏதாவது கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். கிடைத்தது செய்தித்தாளில் சுற்றிய சப்பாத்தி. முந்தின நாள் அம்மா கட்டிக்கொடுத்தது, அப்படியே இருந்தது. அதற்கும் கீழே, காய்ந்துபோன இன்னொரு பொட்டலம்.

அடையாறில் ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துப் போனோம். அவளிடம் காரணம் சொல்லவில்லை. பரிசோதனை முடிந்து டாக்டர் எங்களை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"கர்ப்பமெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. இந்தப் பொண்ணு பட்டினி கிடக்கா. உடம்புல சத்தே இல்லாததால மாதவிலக்கு நின்னுபோச்சு. நாடித் துடிப்பு ரொம்பக் கம்மியா இருக்கு."

"வாந்தி எடுக்கறாளே டாக்டர்?"

"கேட்டேன். இல்லைங்கறா. நான் நம்பறேன்."

அம்மா நம்பவில்லை. நானும்தான். சாப்பிடாதவள் எதை வாந்தி எடுப்பாள் என்ற எளிய கேள்வி ஏனோ எங்களுக்குத் தோன்றவேயில்லை.

மறுநாள் காலை, துணி துவைக்கும் கல்லருகே வேலைக்கார அம்மா என்னை நிறுத்தினார்.

"இன்னா பாப்பா, அந்த ஊர்ப் பொண்ண ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனீங்களாமே? வாந்தி எடுக்கறது அது இல்ல. உன் தங்கச்சி."

"சும்மா சொல்லாதீங்க."

"பாத்ரூம் கழுவறது நான்தானே? என் கண்ணால பாத்துகீறேன். சொல்லலாம்னா, உங்கம்மா என்னையே திருடின்னு பாத்துக்கினு கீறாங்க. நான் சொன்னா யாரு நம்புவா?"

அவர் பழி தீர்க்கிறாரோ என்று எனக்கு அப்போதும் ஒரு சந்தேகம் ஓடியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அன்று லீவு போட்டேன். தங்கையைத் துணி காயப்போடும் சாக்கில் மொட்டை மாடிக்கு அழைத்துப் போய் நேராகக் கேட்டேன். மறுப்பாள் என்று நினைத்தேன். அவள் ஈரப் புடவையைக் கையில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஆரம்பிச்சா நிறுத்த முடியலக்கா. என்ன சாப்பிடறேன்னே தெரியாது. அப்புறம் பயமா இருக்கும். எல்லாத்தையும் வெளிய தள்ளிடணும்னு தோணும். எல்லாரும் அவளையே பாத்துட்டிருந்தீங்க. எனக்கு என்ன, நான்தான் நல்லா சாப்பிடறவளாச்சே."

மறுபடி அடையாறு. இந்த முறை டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஒருத்திக்குச் சாப்பிடாமல் இருப்பதே பிடிமானம். எலும்பு தெரிந்தாலும் கண்ணாடியில் அவள் கண்ணுக்கு அவள் குண்டாகத்தான் தெரிவாள். இன்னொருத்திக்குப் பிடி அறுந்துபோகும்; அள்ளி அள்ளிச் சாப்பிடுவாள், பிறகு பயந்து வெளியேற்றுவாள். உடம்பு பெரும்பாலும் மெலியாது, அதனால் வீட்டில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். மூன்றாவது வகையும் உண்டு: அதே மாதிரி சாப்பிட்டுவிட்டு, வெளியேற்றாமல், வெட்கத்தில் குமைந்துபோவது.

"ஒல்லியா இருக்கறவதான் நோயாளின்னு நினைக்காதீங்க. வாந்தியாலயும் இதயம் கெட்டுப்போகும். ரெண்டு பேரையும் திட்டாதீங்க. இது திமிரு இல்ல."

ஒருத்தியின் நின்றுபோன மாதவிலக்கையும் மற்றவளின் வாந்தியையும் கூட்டி, நாங்கள் ஒரு கர்ப்பத்தைக் கண்டுபிடித்திருந்தோம்.

சித்தப்பா மகள் சில வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். படிப்பில் ஒரு வருஷம் போயிற்று. மெல்லத் தேறினாள். டிஸ்சார்ஜ் ஆன அன்று கேட்டாள்: "என் பையைத் துழாவினது நீங்கதானேக்கா?" ஆமாம் என்றேன். அதன்பிறகு எங்கள் வீட்டில் அவள் தங்கவில்லை, ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அம்மா, வேலைக்கார அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர், "போம்மா, பொண்ணப் பாரு" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தைத் தேய்க்கப் போனார்.

தங்கைக்குத்தான் அதிக நாள் பிடித்தது. மனநல மருத்துவரிடம் வாராவாரம் போனாள். நிறுத்துவாள், மறுபடி தொடங்கும். சாப்பிட்டு முடித்ததும் தன்னோடு அரைமணி நேரம் உட்காரச் சொல்லி அவளே என்னைக் கேட்டாள். மாடிப்படியில் உட்கார்ந்து ஆபீஸ் கதையெல்லாம் சொல்வேன். அவள் எழுந்தால் என் கண் தானாகப் பின்னாலேயே போகும்.

"தண்ணி குடிக்கத்தான் போறேன். பாக்காதக்கா" என்பாள்.

பார்க்காமல் இருக்க எனக்கும் பல வருஷம் பிடித்தது.