திங்கட்கிழமைத் தண்ணீர்

தனலட்சுமி டீச்சருக்காக ஜன்னலோர இருக்கையில் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தபோதுதான் அவர் காலமான செய்தி எனக்கு வந்தது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, நாங்கள் வேலை பார்த்த பள்ளிக்கு, ஆறு வருடங்களாக ஒரே பேருந்தில் போய்வந்தோம். "கூட வர்றவிய எங்க டீச்சர்? வண்டிய எடுக்கட்டா?" என்று நடத்துநர் கேட்டுக்கொண்டிருந்தார். கைப்பேசி ஒலித்தது. டீச்சரின் தங்கை. "அக்கா போயிட்டா மிஸ். விடியக்காலைல நெஞ்சு வலின்னா, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட வரல." நான் இறங்கிக்கொண்டேன். டீச்சருக்கு ஐம்பத்திரண்டு வயதுதான்.

அன்று திங்கட்கிழமை. அவரை அறியாதவர்களுக்கு அது வெறும் கிழமை. அறிந்தவர்களுக்கு அது தண்ணீர் கொண்டுவரும் நாள்.

டீச்சரின் அம்மா ராஜபாளையம் பக்கத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்தவர். சுத்தம் செய்த பஞ்சைத் தண்ணீரில் போட்டால் சில நொடிகளில் மூழ்கிவிட வேண்டும். மிதந்தால் அது மருத்துவத்துக்கு உதவாது. சிறுமியாக அங்கே விளையாடப் போன டீச்சர், சுத்தம் செய்யாத பஞ்சையும் போட்டுப் பார்த்திருக்கிறார். அது மிதந்துகொண்டே இருந்ததாம். "ரெண்டும் பஞ்சுதான, தண்ணிக்கு எப்படித் தெரியுதுன்னு எல்லார்ட்டயும் கேட்டேன். வேலையப் பாக்க விடுன்னுட்டாக" என்று சொல்வார். பஞ்சின் மேல் மெழுகு போல ஒரு பூச்சு உண்டு, அதனால் தண்ணீர் அதில் ஒட்டுவதில்லை என்று அவருக்குத் தெரிந்தது கல்லூரியில்தான். "பத்து வருசம் ஒரு கேள்விய வச்சிருந்தேன் மிஸ். அது ஒரு சுகம்."

நான் அந்தப் பள்ளியில் சேர்ந்த முதல் வாரம், ஏழாம் வகுப்புக் கரும்பலகையில் "நீர் நிறமற்றது, மணமற்றது, சுவையற்றது" என்று எழுதினேன். வாசலில் நின்றிருந்த டீச்சர் மிகப் பணிவாகக் கேட்டார்: "எந்த ஊர்த் தண்ணி மிஸ்?" வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக. நிறையப் புத்தகங்கள் படித்திருந்தேன். ஆனால் அன்று காலை குடித்த தண்ணீரின் சுவை என்னவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவருடைய முறை எளியது. திங்கட்கிழமைதோறும் பிள்ளைகள் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவர வேண்டும். பாட்டிலில் ஊர்ப் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். என்ன சோதனை என்பது வகுப்பில்தான் தெரியும். "முதல்ல ஊகிங்க, பொறவு ஊத்துங்க" என்பார். ஊகங்களைப் பலகையில் எழுதியாக வேண்டும். தப்பான ஊகத்தை யாரும் அழிக்கக் கூடாது. "அதுதான் நாம எங்க நின்னோம்னு காட்டும்." ஒருநாள் கையில் கரண்டியோடு வந்து, "பால்ல இருந்து தண்ணி போனா பால்கோவா. தண்ணில இருந்து தண்ணி போனா என்ன மிஞ்சும்?" என்று கேட்டார். அரை மணி நேரம் சண்டை நடந்தது. பிறகு எல்லோர் தண்ணீரையும் கரண்டியில் வற்ற வைத்தார். சிலவற்றில் ஒன்றுமில்லை. சிலவற்றில் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை வட்டம்.

சென்ற ஆண்டு நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும், அவரே அதைத் தன் தவறு என்று பலமுறை சொன்னதால்.

சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கி, எது அதிகம் நுரைக்கிறது என்று பார்க்கும் சோதனை அது. நுரைத்த வரிசையில் ஊர்களைச் சுவரில் எழுதி ஒட்டினார். மலையடிவாரத்துக் கூமாப்பட்டித் தண்ணீர் எப்போதும் முதலிடம். அதைக் கொண்டுவரும் கருப்பசாமி, "எங்கூர்த் தண்ணில சோப்புப் போட்டா கழுவவே முடியாது டீச்சர், வழுக்கிக்கிட்டே இருக்கும்" என்று பெருமையடிப்பான். கடைசி இடம் முத்துப்பேச்சியின் ஊருக்கு. கிழக்கே கரிசல் காட்டில் ஒரு சிற்றூர், உப்பு ஏறிய போர்த் தண்ணீர். அவள் பாட்டிலில் நுரை வராது, திரிந்த பால் போல ஏதோ மிதக்கும். "ஏட்டி, உங்கூர்ல மாடாச்சும் அதக் குடிக்குமா?" என்பான் கருப்பசாமி. வகுப்பிலேயே அதிகம் கேள்வி கேட்டவள் முத்துப்பேச்சி. அவள் கேட்பது குறைந்துகொண்டே வந்தது.

ஒரு திங்கட்கிழமை அவள் தண்ணீர் பொங்கி நுரைத்தது. வகுப்பு கைதட்டியது. டீச்சர் "அப்படியா" என்று மட்டும் சொல்லிக் குறித்துக்கொண்டார்.

அன்று மாலை பேருந்தில் திரும்பினோம். பள்ளியில் என்னை மிஸ் என்பவர், பேருந்தில் வேறு மாதிரி. "ஏட்டி, நான் தண்ணியவே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். பிள்ளையப் பாக்கல" என்றார். அது எந்தத் தண்ணீர் என்று அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கலாமே என்றேன். "கேட்டா பொய் சொல்லுவா. சொன்ன பொய்யக் காப்பாத்தணுமே. பொறவு என் பீரியடுன்னாலே ஒளிஞ்சுக்குவா. கேள்வி கேக்குற பிள்ளைய நானே தொலைச்சிருவேன்."

அடுத்த வாரம் ஒரு பேட்டரி, குட்டி எல்.இ.டி. பல்பு, இரண்டு கம்பிகளோடு வந்தார். கம்பிகளைத் தண்ணீரில் முக்கினால் எந்த ஊரில் பல்பு நன்றாக எரியும்? ஊகம் எழுதச் சொன்னார். ஏறக்குறைய எல்லோரும் கூமாப்பட்டி என்றார்கள். கூமாப்பட்டித் தண்ணீரில் பல்பு மின்மினி போல மங்கலாகத்தான் எரிந்தது. முத்துப்பேச்சியின் பாட்டிலில் அதுவும் இல்லை.

"பேட்டரி தீந்துட்டு டீச்சர்" என்றான் கருப்பசாமி.

டீச்சர் கூமாப்பட்டித் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கம்பிகளை முக்கினார். பளிச்சென்று எரிந்தது. முத்துப்பேச்சி அந்தப் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடுத்த வகுப்புக்குப் போகாமல் வாசலிலேயே நின்றேன்.

"டீச்சர், இது எங்கூர்த் தண்ணி இல்ல. கேன் தண்ணி" என்றாள் அவள்.

"ஏட்டி, அப்ப போன வாரம்?" என்றான் கருப்பசாமி.

"அதுவும் கேன் தண்ணிதாம்லே. டீச்சர், எங்கூர்த் தண்ணி வச்சா எரியும். உப்புப் போடாமலே எரியும்."

"எரியும்னு ஊகிக்கியா?"

"எரியும்."

"அப்ப எழுது."

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அவள் தன் ஊர்த் தண்ணீரை இரண்டு பாட்டிலில் கொண்டுவந்தாள். பல்பு எரிந்த வெளிச்சம் கரும்பலகை வரை அடித்ததாகப் பிள்ளைகள் இன்றும் சொல்கிறார்கள், அது மிகை. ஆனால் நன்றாக எரிந்தது. "ஏட்டி, உங்கூருக்குக் கரண்டு பில்லே வராதோ?" என்றான் கருப்பசாமி. அவளே முதலில் சிரித்தாள். சுவரில் இருந்த பட்டியலை டீச்சர் கிழித்தார். "எந்தத் தண்ணி நல்ல தண்ணின்னு கேட்டேன் பாரு, அதான் தப்பு. எந்தத் தண்ணி என்ன செய்யும்னு கேட்டிருக்கணும்" என்று அன்று மாலை சொன்னார்.

இப்போது அந்தப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பு. அந்தத் திங்கட்கிழமை பள்ளிக்கு வந்த பிறகே அவர்களுக்குச் செய்தி தெரிந்தது. ஆசிரியர்கள் அவர்களை ராஜபாளையத்துக்கு அழைத்துவந்தபோது, டீச்சரின் வீட்டில் உறவுப் பெண்கள் நீர்மாலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். உடலைக் குளிப்பாட்டக் குடத்தில் தண்ணீர் எடுத்துவரும் சடங்கு அது. முத்துப்பேச்சி என் அருகில் வந்து நின்றாள். பையில் பாட்டில்.

"மிஸ், எல்லார்ட்டயும் இருக்கு. என்ன செய்ய?"

கூட்டத்தில் வாய் திறப்பது எனக்கு எளிதல்ல. அது சொந்தக்காரர்களின் சடங்கு. நான் தயங்கினேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். டீச்சரின் தங்கையிடம் போய்ச் சொன்னேன். அவர் பிள்ளைகளின் வரிசையைப் பார்த்தார்.

"திங்கக்கிழமைத் தண்ணியா? அக்கா வாங்காம விடமாட்டாளே. குடத்துல ஊத்தச் சொல்லுங்க."

ஒவ்வொருவராக வந்து ஊர்ப் பெயரைச் சொல்லி ஊற்றினார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, வகுப்பில் அப்படித்தான் பழக்கம். தளவாய்புரம். கிருஷ்ணன்கோவில். கூமாப்பட்டி. முத்துப்பேச்சி தன் ஊரின் பெயரைச் சத்தமாகச் சொன்னாள். அழுதுகொண்டிருந்த கருப்பசாமி குடத்துக்குள் எட்டிப் பார்த்து, அவளிடம் மெதுவாகக் கேட்டான்:

"எல்லாம் கலந்துட்டே. இப்ப நுரைக்குமாட்டி?"

"ஊகிச்சியா நீ?" என்றாள் அவள்.

குடத்தைப் பெண்கள் உள்ளே எடுத்துப்போனார்கள்.

டீச்சர், அந்தக் கேள்வி இப்போது எட்டாம் வகுப்புக் கரும்பலகையில் இருக்கிறது. பிள்ளைகளின் ஊகங்களோடு என்னுடையதும் இருக்கிறது. அநேகமாகத் தப்பு, அழிக்கவில்லை. கடைசியில் உங்கள் ஊகத்துக்கு ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறோம். போய் வாருங்கள்.