உயிருடன் என்று ஒரு கட்டம்

இது கட்டுக்கதை இல்லை. காதில் பூச்சுற்றுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்கு வருத்தமில்லை. யாருக்கு நடந்ததோ அவரே என்னிடம் சொன்னார். அதுவும் நடுராத்திரியில் இல்லை. வெயில் கொளுத்தும் பிற்பகலில், தெருவைப் பார்த்த ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில்.

புதுக் கண்ணாடிக்கு அளவு கொடுத்துவிட்டு நான் போனை நோண்டிக்கொண்டிருந்தேன். குடும்ப வரலாற்றைத் தொகுத்து வைக்க இலவசமாக எந்த மென்பொருள் நல்லது என்று தேடிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்காரர் எட்டிப் பார்த்தார். முகம் சுண்டிப்போனது.

"அது வேண்டாம் சார்."

"ஏன்?"

அவர் எனக்கான புதுக் கண்ணாடியை எடுத்து வாயால் ஊதித் துடைத்தார். அவ்வளவு ஊதியும் கண்ணாடி மங்கவே இல்லை. நல்ல சரக்கு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவர் சொல்ல ஆரம்பித்தார்.

அவருடைய மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். அதற்கு முன் ஒரு தடவை உண்டாகி, நிற்கவில்லை. அதனால் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "ரெண்டு பக்கமும் மூணு தலைமுறைக்கு யாருக்கு என்ன வியாதி, யார் எந்த வயசுல போனாங்கன்னு விவரம் கொண்டாங்க." கண்ணாடிக்காரர் காகிதத்தில் எழுதிப் பார்த்தார். பெரியப்பா, சித்தப்பா, ஒன்றுவிட்ட அத்தை என்று கோடு போட்டுப் போட்டு, கடைசியில் அது பூனை விளையாடிய நூல்கண்டு மாதிரி ஆனது. மனைவியின் தம்பிதான் வழி சொன்னான். "இதுக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல ஓசியிலேயே கிடைக்குது மாமா."

ஓசி என்றால் பினாயிலையும் குடிப்போம் என்பது நம் ஜாதகத்திலேயே எழுதியிருப்பதுதானே. இறக்கினார்.

முதலாவது பழைய மென்பொருள். உறுதியானது, ஆனால் தமிழைக் கண்டாலே அதற்கு ஆகாது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பெரியப்பாவைப் பிய்த்துப் போட்டது. இரண்டாவது பார்க்க லட்சணம். ஆனால் ஐம்பது பேர் வரைதான் இலவசம், அதற்குமேல் ஒருவர் பிறந்தாலும் பணம் கேட்டது. "எங்க தாத்தா ஒருத்தருக்கே பதினோரு பிள்ளை, இவன் ஐம்பதோட நிறுத்தச் சொல்றான்" என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தாராம்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த ஃப்ரேம் வந்தாலும் வளைத்து, முறுக்கிப் பார்க்காமல் விற்க மாட்டார். புது ஃப்ரேமில் பவர் இல்லாத ஒரு பிளாஸ்டிக் துண்டை மாட்டித்தான் அனுப்புவார்கள். டம்மி லென்ஸ் என்பார்கள். நிஜ லென்ஸ் வரும்வரை அது இடத்தைப் பிடித்து வைத்திருக்கும். மென்பொருளையும் அவர் அப்படியே சோதித்தார். இல்லாத ஓர் ஆளைச் சேர்ப்பது, திருத்துவது, அழிப்பது. எங்கே சேர்ப்பது? தனக்கும் மனைவிக்கும் கீழேதான் இடம் காலியாக இருந்தது. அங்கே ஒரு பிள்ளை. பெயர், டம்மி. பிறந்த தேதிக்கு வாய்க்கு வந்த ஏதோ ஒன்று. வயிற்றில் பிள்ளை இருக்கும் வீட்டில் இது என்ன விளையாட்டு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கடைக்காரப் புத்தி.

இரண்டிலும் டம்மியைச் சேர்த்தார், இரண்டிலும் அழித்தார். பிறகு அந்த மென்பொருள்களையே தூக்கிவிட்டார்.

ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிட வேண்டும். இந்த மென்பொருள்களில் குடும்பத்தைப் படமாக எடுத்தால், உயிரோடு இருப்பவர்களின் பெயர் வராது. அந்தரங்கம் காக்கிறார்களாம். அவர்கள் கட்டத்தில் ‘உயிருடன்’ என்று மட்டும் இருக்கும். இறந்தவர்களின் பெயர்தான் வெளியே தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றாவதை இறக்கினார். முழுக்க இலவசம். யார் செய்தது என்ற விவரம் எங்கேயும் இல்லை. தமிழ் முத்து முத்தாக விழுந்தது. இதுதான் நமக்கு என்று முடிவு கட்டி, எல்லோரையும் மறுபடி கையாலேயே ஏற்றினார். மனைவி உள்ளறையில் படுத்திருந்தாள். மாலை நாலு மணிக்குப் படம் எடுத்தார்.

அவருக்கும் மனைவிக்கும் கீழே ஒரு கட்டம் இருந்தது.

‘உயிருடன்.’

அவர் சேர்க்கவில்லை.

"நம்ம பிள்ளைக்கு இடம் போட்டு வெச்சியா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டார்.

"நான் எதுக்கு அதைத் தொடறேன்? எனக்கு எந்திரிக்கவே முடியல."

கட்டத்தைத் திறந்தார். பெயர், டம்மி. பிறந்த தேதி… இன்றைய தேதி. அவர் முன்பு அடித்த தேதி அது இல்லை.

அழிக்கப் பார்த்தார். இந்த மென்பொருளில் அழிக்கும் பொத்தானே இல்லை. மேலும் கீழும் தேடினார். சேர்க்கலாம், திருத்தலாம். அழிக்க முடியாது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டதே என்று முனகிக்கொண்டே மறுபடி படத்துக்கு வந்தார்.

படம் மாறியிருந்தது.

மனைவியின் கட்டம் திறந்திருந்தது. பெயர் தெரிந்தது. முழுப் பெயர்.

அதே நேரம் உள்ளே தொம்மென்று ஒரு சத்தம்.

குளியலறை வாசலில் விழுந்து கிடந்தாள். தரையெல்லாம் ரத்தம். போன் போட்டதும் மனைவியின் தம்பியின் கார் வாசலுக்கு வந்தது. பக்கத்து வீட்டு அக்கா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். "ஸ்கேன் ஃபைல எடுத்துட்டு, வீட்டப் பூட்டிட்டு வாங்க மாமா!" என்று கத்திவிட்டு அவன் வண்டியைக் கிளப்பினான்.

ஃபைல் மேசைமேல் இருந்தது. கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில்.

எடுக்கக் குனிந்தவர் திரையைப் பார்த்தார். மனைவியின் பெயருக்குக் கீழே ஒரு தேதி சேர்ந்திருந்தது. இன்றைய தேதி.

அவள் பக்கத்தைத் திறந்தார். ‘உயிருடன்’ என்பதற்கு எதிரே டிக் அடித்தார். நின்றது. ஒரு மூச்சு நேரம்… போய்விட்டது. மறுபடி அடித்தார். மறுபடி போனது. வயரைப் பிடுங்கினார். திரை அணையவில்லை.

போன் அடித்தது.

"மாமா… அக்காவுக்குப் பேச்சு மூச்சு இல்ல. சீக்கிரம் வாங்க."

அந்த மனிதர் என்னதான் செய்வார்? ஓடலாம். ஓடினால் திரையில் அந்தப் பெயர் அப்படியே நிற்கும். கையைப் பிசைந்தார். அழுதார். கடைசியில் டம்மியின் கட்டத்தைத் திறந்தார். இல்லாத பிள்ளைதானே. ‘உயிருடன்’ என்ற டிக்கை எடுத்தார்.

மனைவியின் பெயர் சட்டென்று மறைந்தது.

‘உயிருடன்.’

போன்.

"மாமா! அக்கா கண்ணு முழிச்சிட்டா!"

"அப்பாடா…"

"ஆனா மாமா… குழந்தைக்குத் துடிப்பு கேக்கலயாம்."

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது, எந்த இடத்தில் டம்மியைப் போட்டோம் என்று.

டிக்கைத் திரும்ப வைத்தார். மனைவியின் பெயர் வந்தது. எடுத்தார். மறைந்தது. வைத்தார். வந்தது.

யாராவது ஒருவர். ஒரு கட்டத்தில் பெயர் தெரிந்தே ஆக வேண்டும்…

போன் மறுபடி அடித்தது. எடுக்கவில்லை.

தன் கட்டத்தைத் திறந்தார்.

டிக்கை எடுத்தார்.

படத்தில் மனைவி, ‘உயிருடன்.’ கீழே பிள்ளை, ‘உயிருடன்.’

"அப்புறம்?" என்று கேட்டேன்.

"அப்புறம் போன எடுத்தேன் சார். ரெண்டு பேரும் பொழச்சிட்டாங்கன்னு சொன்னான். பொண்ணுன்னு சொன்னான்."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"எனக்கென்ன? இங்கதானே இருக்கேன்." கண்ணாடியை என் முகத்தில் மாட்டிவிட்டார். விரல் காதோரம் பட்டது. சில்லென்றிருந்தது. "எழுத்து தெரியுதா சார்?"

சுவரில் இருந்த கடைசி வரிவரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. பணம் எடுத்தேன். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று கையசைத்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து, மூக்குப் பிடி உறுத்துகிறது என்று மறுபடி போனேன். கல்லாவில் ஒரு பெண் இருந்தாள். கீழே ஒரு சின்னப் பெண் கலர் பென்சிலால் தரையைக் கிறுக்கிக்கொண்டிருந்தது. அவர் சொன்ன குடும்பம்தான் என்று பார்த்ததுமே தெரிந்தது. எனக்கே சந்தோஷமாக இருந்தது.

"சார் இல்லையாம்மா? ரெண்டு வாரம் முன்னாடி அவர்தான் இதைப் போட்டுக் கொடுத்தார்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"கடையத் திறந்தே ஒரு வாரந்தாங்க ஆகுது. மூணு வருஷமா பூட்டிக் கிடந்துச்சு."

"அவர்…"

"இவ பொறந்த அன்னிக்குப் போனவர்." கீழே இருந்த சின்னவளைக் காட்டினாள். "ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்னு தம்பி போன்ல சொன்னான். சரின்னு சொல்லியிருக்கார். அதுக்கப்புறம் பேசல. அவன் ஓடி வந்து பாத்தா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தபடியே… கையில என் ஸ்கேன் ஃபைலு."

கண்ணாடியைக் கழற்றி நீட்டினேன். அவள் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஊதினாள். உடனே மங்கியது.

"இதை எப்படிப் போட்டுட்டுப் படிச்சீங்க? இதுல பவரே இல்லையே. ஃப்ரேமோட வர்ற டம்மி லென்ஸுங்க இது."

வேறு கண்ணாடி போட்டுத் தருகிறேன் என்றாள். நான் வேண்டாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இதை எழுதும்போதும் அதைத்தான் போட்டிருக்கிறேன். எழுத்து தெளிவாகத் தெரிகிறது. கழற்றினால் மங்குகிறது.