சட்டைப்பையில் ஃபில்டர்

தாம்பரத்தில் எங்கள் ஆய்வகத்தில், ஆய்வு மாணவி ஷர்மிளாவிடம் கண்ணாடியில் பூசியவற்றில் உரியாமல் மிஞ்சியது ஒரே ஒரு மெல்லிய தங்கப் படலம். லேசர் பட்டதும் எலக்ட்ரான்கள் முதலில் கொதிக்கும். உலோகம் பிறகுதான் சுடும். அந்த நேர இடைவெளியை அளந்தால்தான் அவள் ஆய்வேடு முடியும்.

ஒளிப்புள்ளி சரியாகத் தெரியட்டும் என்று, லேசர் வெளிச்சத்தைக் குறைக்கும் ஃபில்டரை அவள் வழிகாட்டியான நான்தான் கழற்றினேன். திரும்ப மாட்ட மறந்தேன்.

லேசரை முழு வீச்சில் விட்டதும் திரையில் கோடு துள்ளியது, சரிந்தது. படலத்தில் ஓட்டை.

"என் கோட்டிங்தான் சரியில்ல போல சார்," என்றாள்.

ஃபில்டர் என் சட்டைப்பையில் இருந்தது. தலையாட்டினால் போதும், தப்பிவிடலாம். ஆட்டத்தான் தொடங்கினேன். அவள் கண் கலங்கியது. ஃபில்டரை எடுத்து மேசையில் வைத்தேன்.

"கோட்டிங் நல்லாத்தாம்மா இருந்துச்சு. கெடுத்தது நான்."

"அப்பாடா! எனக்கு இந்த வேலையே கைவரலன்னு நெனச்சேன் சார்," என்று அழுதபடியே சிரித்தாள். "இன்னொன்னு போட்டுடலாம்."

போட்டும்விட்டாள். பாதியில் நின்ற அந்தத் தலையாட்டல் மட்டும் இன்றும் என் கழுத்தில் உறுத்துகிறது.