பேச்சியம்மாளின் கழுத்தில் மறுபடியும் வளர்ந்தது

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற உத்தியோகம் என்றால், நோயாளியை நோயாளி என்று மற்றவர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒப்புக்கொள்ள வைக்கிற உத்தியோகம். மடுல்சீமைப் பக்கம் அந்தச் சீரழிவை அனுபவித்தவர்கள் இதைப் படித்தால், என் வயிற்றெரிச்சல் புரியும்.

குளிராத பொம்பளை

கொழுந்தெடுக்கும் பேச்சியம்மாளுக்குக் கழுத்தில் கழலை. சும்மா வீங்கிக் கிடக்கிற கழலை இல்லை. உள்ளே இருக்கிற சுரப்பி ஓயாமல் சுரந்து அவள் உடம்பையே விரட்டிக்கொண்டிருந்தது. பனி மூடின மலையில் மற்றவர்கள் கம்பளிக்குள் நடுங்க, இவளுக்கு வேர்க்கும். இரண்டு ஆள் சோறு தின்றும் எலும்பு தெரியும். சும்மா நிற்க முடியாது. கை பறக்கும், எல்லாருக்கும் முன்னால் கூடை நிறையும்.

தோட்டத்துத் துரையிடம் நடையாய் நடந்து, பண்டாரவளை வரை வண்டியில் அனுப்பி, அங்கிருந்து ரயிலேற்றி, கொழும்பில் ஆபரேஷன் நடந்தது. திரும்பி வந்தவள் சதை போட்டாள், நிம்மதியாகத் தூங்கினாள், எல்லாரையும் போலக் கொழுந்தெடுத்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவளை வேலை வாங்குகிற கங்காணி மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். "நல்லா இருந்த புள்ளையக் கெடுத்துட்டீங்களே, டாக்டரய்யா."

கவாத்து

அடுத்த மழைக்காலத்தில், நெஞ்சு படபடக்கிறது என்று வந்தாள். நீட்டிய விரல்கள்மேல் ஒரு காகிதத்தை வைத்தேன், காகிதம் நடுங்கியது. நாடி ஓடியது. தழும்புக்குக் கீழே தொட்டால் கட்டி. முழுக்க எடுத்தால் உடம்பு தாங்காது என்று ஒரு துண்டை விட்டுத்தான் அறுப்பார்கள். அந்தத் துண்டு வளர்ந்தால் உடனே அனுப்பு, இல்லாவிட்டால் இருதயம் கெட்டுவிடும் என்று கொழும்பு டாக்டர் சொல்லித்தான் விட்டிருந்தார்.

புருஷன் கறுப்பையாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். வெட்டி எடுத்தது எப்படி வரும் என்று என்னைப் பொய்யனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். கவாத்து வெட்டின தேயிலை துளிர்க்கிறதில்லையா, அப்படித்தான் என்றேன். அவன் முகம் தெளிந்துவிட்டது. "துளிர்த்தா நல்லதுதானுங்களே."

ஒட்டுகிற நோய்

பேச்சியம்மாளுக்குத்தான் பயம். மறுபடி அறுக்க அனுப்பி வையுங்கள் என்று அவளே அழுதாள். கங்காணி சரி சொல்லாமல் துரை அசையமாட்டார். கங்காணியோ கூடையைக் காட்டி, நோயாளியா இப்படி எடுப்பாள் என்றார். துரையும் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் அவளை நிறுத்தி, இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று மற்றப் பெண்களைத் திட்டினார். அட பாவிகளா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில், இது ஒட்டுகிற நோய், ஆட்கள் குடியிருக்கிற லயம் முழுக்கப் பரவும் என்று கங்காணியிடம் ஒரு பொய்யைப் போட்டேன். காலரா என்றால் பேயைக் கண்ட மாதிரி ஓடுகிற மனிதர் அவர். கொஞ்சம் யோசித்தார். "நெசமாவா? அப்ப நம்ம ஆளுங்களுக்கெல்லாம் ஒட்டட்டுமே, டாக்டரய்யா."

வண்டி கிடைத்தது

அவள் கூடை குறைந்த பிறகுதான் வண்டி கிடைத்தது. அதற்குள் கால் வீங்கி, படுக்க முடியாமல் மூச்சு வாங்கியது. நானும் வண்டியில் கூடப் போனேன்; கறுப்பையா அவளை நெஞ்சோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தான். வழியில் பசறை ஊரைக்கூடத் தாண்டவில்லை, போய்விட்டாள். நான் அழுதேன், சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வண்டி திரும்பியபோது கங்காணி லயத்து வாசலில் நின்றிருந்தார். கோபமெல்லாம் என்மேல்தான். "இவ்வளவு முத்தின நோவுன்னா, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

அத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் படித்த வைத்தியம் இவ்வளவுதான்: தோட்டத்தில் கொழுந்து குறைந்தால் நோய், கூடினால் ஆரோக்கியம்.