பழைய படமும் பீ-யுன்னின் பயமும்

பழைய ஹார்ட் டிஸ்க்கைக் காதோடு ஒட்டி, மூச்சை அடக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள் பீ-யுன். எந்த வேலைக்கும் முதலில் இதுதான். எந்தக் கைப்பேசியிலும் திறக்காத பழைய வீடியோக்களை எம்பி4 ஆக மாற்றித் தருவது, தைபே கணினிச் சந்தையில் அவள் பிழைப்பு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவளுக்கு மின்விசிறி முனகினாலே பேய்தான்.

"டொக் டொக்குங்குது ஐயா. இன்னொரு தடவை சுத்துனாலே பெரிசு."

அதைக் கொண்டுவந்து எதிரே நின்ற லாயின் முகம் வெளுத்தது. இறந்துபோன அவர் மகளின் குரல் அந்த ஒரு டிஸ்க்கில்தான் இருக்கிறது.

இயந்திரம் மக்கர் பண்ணாமலிருக்க, 'சமத்தாயிரு' என்று பெயர் அச்சிட்ட நொறுக்குத்தீனிப் பாக்கெட்டை அதன் தலையில் வைப்பது அந்த ஊர்த் தொழில் வழக்கம். பச்சைப் பாக்கெட்தான் ஆகும். லாய் ஆசையாக வாங்கிவந்து வைத்தது மஞ்சள்.

"ஐயோ, எடுங்க எடுங்க! சிக்னல்ல மஞ்சள் வந்தா என்ன அர்த்தம்?"

"பச்சை தீந்துபோச்சுன்னான்மா. எல்லாம் ஒரே தீனிதானேன்னு..."

பக்கத்துக் கடை ஹோங் சிரித்தான். "அக்கா, முதல்ல உன் தலையில ஒண்ணு வச்சுக்க!" தன் பச்சைப் பாக்கெட்டை நீட்டினான். காலாவதித் தேதியை இருமுறை பார்த்துவிட்டுத்தான் வாங்கினாள்.

அதை இயந்திரத்தின்மேல் வைத்து, டிஸ்க்கை இணைத்து நகலெடுக்கத் தொடங்கினாள். பாதி நகல் இறங்கியிருக்கும். சந்தை முழுக்கக் கைப்பேசிகள் ஒன்றாக அலறின. நிலநடுக்க எச்சரிக்கை.

"கீழ போங்க!" என்று லாயை மேசைக்கடியில் தள்ளினாள். ஹோங்கும் பதுங்கினான். அலமாரிகள் கடகடத்தன. சுற்றுகிற டிஸ்க் மேசையில் மோதினால் கதை முடிந்தது. நிறுத்தினாலோ மறுபடி சுற்றாது. பீ-யுன் அதை இரு கைகளிலும் ஏந்தி, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, ஆட்டத்தைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு நின்றாள். பயத்தில் பல் கிட்டித்துப் போயிற்று.

"அக்கா, உள்ள வா! பைத்தியமா உனக்கு?"

"பேசாத. சுத்துது. இன்னும் சுத்துது."

ஆட்டம் அடங்கியது. நகலும் இறங்கி முடிந்தது. அதை எம்பி4 ஆக மாற்றி ஓடவிட்டாள். வாய் நிறையச் சோற்றோடு ஒரு சிறுமி கத்தினாள்:

"அப்பா, படம் எடுக்காத! போ!"

"போமாட்டேன்," என்று லாய் திரைக்குப் பதில் சொன்னார்.

பீ-யுன் இணைப்பைக் கழற்றி டிஸ்க்கை மெல்ல மேசைமேல் வைத்தாள். பிறகு நாற்காலியை நகர்த்திவிட்டு, மேசைக்கடியில் போய், தலையை இரு கைகளாலும் மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.